கரைத்த பிள்ளையார், கார்த்திகை அகல்

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த மூன்றாம் நாள் உங்கள் வீட்டுப் பிள்ளையார் எங்கே போகிறார்?

கொல்லையில் கிணறு இருக்கிற பாக்கியசாலிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. புனர்பூஜை செய்து, தயிர்சாதம் நைவேத்தியம் காட்டி, கிணற்றில் விட்டுக் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். எங்களைப் போல மூன்றாவது மாடியில், கிணற்றுக்குப் பதில் குழாயும், குழாய்க்குப் பதில் சில மாதங்களில் தண்ணீர் லாரியுமாகக் காலம் தள்ளுகிறவர்களுக்கு ஏது கிணறு? பிளாஸ்டிக் வாளிதான் கிணறு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த வாளியில் கரைந்த மண்ணை என் வீட்டுக்காரர் பக்தி சிரத்தையோடு குளியலறைச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். தண்ணீர் போய்விட்டது, மண் போகவில்லை. குழாய் வளைவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. பிளம்பர் வந்து, கம்பியை விட்டுக் குடைந்து, கைப்பிடி மண்ணை வெளியே இழுத்தார். அதில் ஒரு குன்றிமணிக் கண் எங்களை முறைத்துப் பார்த்துக் கொண்டிருந்தது. பிளம்பருக்குக் கொடுத்த கூலியில் பத்துப் பிள்ளையார் வாங்கியிருக்கலாம்.

ஆகவே, சென்ற வருஷம் வாளியை அப்படியே பால்கனியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் என் ஒன்பது வயதுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா! தலை கரைஞ்சு போச்சு. தொந்தி மட்டும் அப்படியே இருக்கு!"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். தலையும் காதும் துதிக்கையும் குழம்பாகி அடியில் படிந்திருக்க, வயிற்றுப் பாகம் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி கிடந்தது. "இந்த மண்ணிலே நான் சொப்பு பண்ணட்டுமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவாமியாக இருந்த மண்ணிலா சொப்பு? என் மாமியார் அப்பீல் கோர்ட்டு. அவரிடம் கேட்டேன்.

"வடக்கே நகர்த்தினதுமே பிள்ளையார் கிளம்பியாச்சு. மிச்சம் வெறும் மண்தான். ஆனாலும் சொப்பெல்லாம் வேண்டாம். அகல் பண்ணு. கார்த்திகைக்கு ஏத்தலாம்" என்று தீர்ப்பாயிற்று.

கிட்டத்தட்ட இதே தீர்ப்பைச் சதுர்த்தியன்று சாயங்காலமே நான் வேறொருவர் வாயால் கேட்டிருந்தேன். எங்கள் தெருமுனையில் வருஷா வருஷம் பிள்ளையார் அச்சோடு வந்து உட்காரும் ஒரு பெரியம்மா உண்டு. செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமம். வேளார் குடும்பம். மர அச்சில் மண்ணை அப்பி, கட்டை விரலால் நாலு அமுக்கு அமுக்கித் திறந்தால் பிள்ளையார்! அன்று கடையைக் கட்டும்போது, விற்காமல் மீந்த பிள்ளையார்களை ஒவ்வொன்றாக எடுத்து, குன்றிமணிகளை மட்டும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு, பொம்மையைக் கோணிப்பையில் தள்ளிக் கொண்டிருந்தார். "என்ன பெரியம்மா இப்படிப் பண்றீங்களே?" என்றேன்.

"வித்தது சாமி, விக்காதது மண்ணு. இதுல ஒரு உருண்டையக் கூட வீணாக்க முடியாதும்மா. ஒரு வண்டி மண்ணுக்கு நாங்க அலைஞ்ச அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும்."

ஏரியிலும் குளத்திலும் மண் எடுக்க அனுமதி வேண்டும். அதற்கு மனு, மனுவுக்குக் கையெழுத்து, கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருக்க வேண்டும். இவையெல்லாம் கூடி வந்தால் ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கும். நாம் இருபது ரூபாய் குறைத்துக் கேட்கிற பொம்மைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அந்தப் பெரியம்மாவின் செல்போன் எண் என்னிடம் இருந்தது. தொந்தி கரையாத விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"அரைக்காய்ச்சல் மண்ணு தண்ணி குடிக்காதும்மா. வெளியில எடுத்து வெயில்ல போடு. எலும்பாக் காயணும். அப்புறம் ஒடைச்சு தண்ணியில போட்டுப் பாரு."

எனக்கு இது விசித்திரமாக இருந்தது. ஈரமாக இருப்பதுதானே சீக்கிரம் கரைய வேண்டும்? சகோதரிகளே, விஷயம் நேர் எதிர். பாதி ஈரமுள்ள மண்ணின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது. புதுத் தண்ணீருக்கு உள்ளே வழியில்லை. நன்றாகக் காய்ந்த மண்ணிலோ துளைகள் எல்லாம் காலி. தண்ணீர் பட்டதும் அவற்றுக்குள் விறுவிறுவென்று ஏறுகிறது; உள்ளேயிருக்கும் காற்றை நெருக்கித் தள்ளுகிறது; அந்த நெருக்கலில் கட்டி தானாகவே பிளந்து உதிர்கிறது. மூன்று நாள் வெயிலில் காய்ந்த தொந்தியைத் தண்ணீரில் போட்டோம். பொரிகிற அப்பளம் போலச் சலசலத்து, குமிழி விட்டு, பார்த்துக் கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று சரிந்தது. என் பெண் கை தட்டினாள்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், சாயம் பூசாத பச்சை மண் பிள்ளையாராகப் பார்த்து வாங்குங்கள். முதல் வேலையாகக் கண்களை எடுத்துவிடுங்கள். குன்றிமணி பார்க்க அழகு. உள்ளேயிருக்கும் பருப்பு கொடிய விஷம். குழந்தை கடித்துவிடக் கூடாது. காய்ந்த மண்ணை உடைக்கும்போது புழுதி பறக்க விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஒரு பழந்துணியில் முடிந்து, துணிக்குள்ளேயே தட்டி உடையுங்கள். மண் மூழ்கும்படி தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா வையுங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் வெளியே சேறும் உள்ளே கட்டியுமாக நின்றுவிடும். மறுநாள் மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடிக் குழம்பைக் கண் பெரிய சல்லடையில் வடிகட்டுங்கள். எங்களுக்கு வைக்கோல் துண்டு, ஒரு கூழாங்கல், எருக்க மாலையின் நார் எல்லாம் கிடைத்தன.

பிறகு, நாலு செங்கல்லை நெருக்கி வைத்து அதன்மேல் பழைய வேட்டியை விரித்து, குழம்பைப் பரப்ப வேண்டும். செங்கல் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். கையில் ஒட்டாமல் துணியை விட்டு உரிந்து வந்தால் பதம். அதற்குப் பின் நமக்குத் தெரிந்த கலைதான்: பிசைவது! பூரி மாவை அழுத்துவதுபோல உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். நடுவில் ஒரு நூலால் அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் இட்லிபோலத் துளை தெரிந்தால் இன்னும் பிசைய வேண்டும். பெரியம்மா வீட்டில் இதைக் காலால் மிதித்துச் செய்கிறார்கள்.

பிசைந்த மண்ணை உடனே உபயோகிக்காமல் ஈரத்துணியில் சுற்றி மூடி வையுங்கள். வாரக் கணக்கில் இருந்தாலும் நல்லதே. தண்ணீர் மண்ணின் ஒவ்வொரு துகளிலும் ஊறுகிறது; நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன; மண்ணுக்கு வளைந்து கொடுக்கும் குணம் வருகிறது. லேசாக ஒரு வாடையும் வரும். பயப்படாதீர்கள். தோசை மாவு புளிப்பதைச் சகித்துக் கொள்கிற நாம் இதையும் சகித்துக் கொள்ளலாம்.

எங்கள் வாளி மண்ணில் 21 அகல்கள் தேறின. என் பெண் பண்ணியவை சற்றே கோணல். நான் பண்ணியவையும் அப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு பெரிய வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். பச்சை மண்ணை நூறு தடவை கரைக்கலாம், நூறு தடவை வனையலாம். ஆனால், ஒரு தடவை சூளைக்குள் போய் ஏறக்குறைய 600 டிகிரி சென்டிகிரேடு சூட்டைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. மண்ணின் அமைப்பிலேயே கட்டுண்டு கிடந்த நீர் வெளியேறிவிடும். அப்புறம் கடலில் போட்டாலும் அது களிமண்ணாகாது. உடையும், நொறுங்கும், கரையாது. இந்த ஒரு காரணத்தால்தான் மூவாயிரம் வருஷத்துச் சமையலறைகளைப் பற்றி இன்றைக்கு நமக்கு ஏதாவது தெரிகிறது. மரம் மக்கிப் போயிற்று, துணி மக்கிப் போயிற்று, இரும்பு துருப்பிடித்தது. சட்டிப் பானை மட்டும் இருக்கிறது.

புரட்டாசியில் பெரியம்மா ஒரு கடைக்குச் சாமான் போட எழும்பூருக்கு வருவதாகச் சொன்னார். ரயிலடியிலேயே அகல்களை ஒப்படைத்துவிடலாம் என்று பஞ்சு சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக் கொண்டு போனோம். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மியூசியம் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று என் பெண் பிடிவாதம் பிடித்தாள். 1851-ல் ஏற்பட்ட எழும்பூர் மியூசியத்துக்குப் பெரியம்மா அதுவரை வந்ததே இல்லை. டப்பாவை இடுப்பில் இடுக்கிக் கொண்டு எங்களோடு நடந்தார்.

ஆதிச்சநல்லூர் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரப்புள்ள மேடு. 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர் அங்கே தோண்டி, கிடைத்ததையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னைக்கு வந்தன. 2004-ல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது, வரிசை வரிசையாகத் தாழிகள். இறந்தவர்களை முழங்கால் மடக்கி உட்கார வைத்தோ, எலும்புகளைச் சேர்த்தோ புதைத்த மண் தாழிகள்! கூடவே அவர்கள் வழிக்குச் சாப்பிட, குடிக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்கள்.

அந்த மாதிரி ஒரு தாழியின் முன்னால் நான் பலகையைப் படித்துக் கொண்டிருந்தேன். பெரியம்மா பலகையைப் பார்க்கவில்லை. தாழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியைப் பார்த்தார்.

"இது ஒரே நாள்ல பண்ணதில்லம்மா" என்றார். "சக்கரத்துல இம்மாம் பெரிசு வராது. அடியை வெச்சு, அது கொஞ்சம் எறுகினப்புறம் மேல சுத்து ஏத்தணும். அவசரப்பட்டா உக்காந்துரும். காய ரொம்பவும் விட்டுட்டா மேல ஏத்தற மண்ணு ஒட்டாது. நாலஞ்சு நாள் கூடவே கெடந்திருப்பாங்க."

கழுத்துக்குக் கீழே கயிறு சுற்றினாற்போல் ஒரு பட்டை. அதில் வரிசையாகப் பள்ளங்கள். "இங்க பாரு பாப்பா, வெரலு!" என்றார். என் பெண் தன் விரலைக் காற்றிலேயே அந்தப் பள்ளங்களுக்கு அளவெடுத்தாள். "சின்ன விரல் ஆயா. பொம்மனாட்டியா இருக்கும்" என்றாள். பெரியம்மா மறுக்கவில்லை. சக்கரத்தில் ஆண்கள் உட்கார்ந்தால், மண் மிதிப்பதும் தட்டுப் பலகையால் தட்டி உருவாக்குவதும் வர்ணம் பூசுவதும் அவர்கள் வீட்டில் பெண்கள்தானாம்.

புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. 256-வது பாட்டு. வழிப் பயணத்தில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி குயவனிடம் பேசுகிறாள். 'இந்தத் தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய். நானும் அதில் இருக்க வேண்டும்' என்பது அவள் கேட்பது. படித்த காலத்தில் பரீட்சைக்காக உரை எழுதியதோடு சரி. தாழியின் பக்கத்தில் நின்றபோதுதான் அது எவ்வளவு நடைமுறையான வேண்டுகோள் என்று உறைத்தது. பெரியம்மாவிடம் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ரெண்டு பேருக்குன்னா ரொம்பப் பெரிய சூளை வேணும்" என்றார். அவருடைய புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது.

கறுப்பு-சிவப்புக் கிண்ணங்களிடம் வந்தபோது அவர் முகமே மாறிவிட்டது. உள்ளேயும் விளிம்பும் மைக் கறுப்பு. வெளியே செம்மண் சிவப்பு. இரண்டு சாயமோ என்று நான் நினைத்திருந்தேன். சாயமே இல்லை! ஒரே மண்தான். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் புகாது. புகையின் கரி படிந்து கறுத்துவிடும். வெளிப்புறத்தில் காற்றோட்டம் இருப்பதால் மண்ணிலுள்ள இரும்புச் சத்து சிவந்துவிடும். பளபளப்பு வருவதற்குச் சுடுவதற்கு முன்பே கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். "இந்தக் கோடு எப்படி நேரா நிக்குது பாருங்க. எங்க மாமனாருக்கே இப்படி வராது" என்று அவர் சொன்னபோது, இறந்துபோன மாமனார்மேல் ஒரு சின்ன வெற்றி தெரிந்த மாதிரி இருந்தது!

மியூசியத்தில் இன்னும் எத்தனையோ. கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த ஆட்டுக்கடா உருவச் சவப்பேழையை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வருகிறது. மண்ணில் ஒரு கடா, அதன் வயிற்றில் ஒரு மனிதன்!

உடைந்த ஓட்டைக்கூட அந்தக் காலத்து மனிதர்கள் எறியவில்லை. மதுரைக்கருகே கீழடியில், 2014-லிருந்து நடந்த அகழாய்வுகளில், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நாம் பாண்டி ஆடினோமே, அதே மாதிரி சில்லு. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய ஓடுகளும் அங்கே உண்டு. பாத்திரத்தில் பெயர் வெட்டி வாங்குகிற வழக்கம் எவர்சில்வரோடு வந்ததல்ல என்று தெரிந்ததும் என் மாமியாருக்குப் பரம திருப்தி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது ரோமாபுரி மது ஜாடிகளின் துண்டுகள் வந்தன. நம் பாட்டன் காலத்து வீடுகளின் மெத்தைத் தளம் மட்டும் என்னவாம்? உடைந்த செங்கல்லும் சுண்ணாம்பும்தானே!

குயவர்களும் சுட்ட ஓட்டை வீணாக்குவதில்லை. இடித்துச் சலித்துப் புது மண்ணோடு கலக்கிறார்கள். அந்தத் தூள் ஏற்கெனவே சூடு கண்டது, மறுபடி சுருங்காது. புதுப் பாண்டம் காயும்போது அதிகமாகச் சுருங்கி வெடிக்காமல் அது தாங்கிக் கொள்கிறது. நெருப்பிலேயே கிடக்கும் அடுப்புக்கு இது மிகவும் அவசியம்.

பெரியம்மா டப்பாவோடு ரயில் ஏறினார். "அஞ்சாறு நாள்ல சூளை வைப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பத்து நாள் கழித்து ஃபோன் செய்தபோது குரலில் சுரத்தில்லை. முன்பு அந்தத் தெரு முழுக்க வேளார் வீடுகள். இப்போது மூன்று வீட்டில்தான் சக்கரம் சுற்றுகிறது. மூன்று வீட்டுப் பாண்டமும் சேர்ந்தால்தான் ஒரு சூளை நிறையும். அரைச் சூளைக்கு விறகும் வைக்கோலும் கட்டுப்படியாகாது. ஒரு வீட்டில் பையனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதால் பானை தயாராகவில்லை. இதற்குள் ஐப்பசி மழை பிடித்துக் கொண்டது. மழைக்காலத்தில் சூளைக்கு விடுமுறை. இந்த வருஷத்தோடு அந்தப் பையன் வீடும் நின்றுவிட்டால் அடுத்த வருஷம் சூளையே கிடையாது என்றார். "பாப்பா அகலு பரண்மேல பத்திரமா இருக்கு" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

என் பெண் தினமும் வானத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டால் கூட அவளுக்குச் சந்தோஷமில்லை என்றால் பாருங்களேன்!

கார்த்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வாரம் பளிச்சென்று வெயில் அடித்தது. மூன்றாவது வீட்டுக்காரர் தம் பையனை எதிர்பாராமல் தாமே நாலு நாளில் அகலாக வனைந்து தள்ளிச் சூளையை நிரப்பிவிட்டாராம். வெந்தது. பிஸ்கட் டப்பா ஒரு சொந்தக்காரர் மூலம் வந்து சேர்ந்தது. 21-ல் 14 இருந்தன. நல்ல செங்காவி நிறம். தட்டினால் டிங் என்றது. என்னுடையவை இரண்டு வாய் பிளந்துவிட்டன. என் பெண்ணுடையவை ஐந்து சூளைக்குள்ளேயே வெடித்துவிட்டன. அடி கனமாக வைத்துவிட்டாள். உள்ளே ஈரம் நின்றுவிட்டது. சூளைச் சூட்டில் அந்த ஈரம் நீராவியாகி, போக வழியில்லாமல் பிளந்துகொண்டு வந்திருக்கிறது.

மண் அகல் புதிதில் எண்ணெயை உறிஞ்சும். முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போட்டு, நிழலில் துடைத்து வைத்துவிட்டு ஏற்றினால் அவ்வளவு குடிக்காது. அப்படியே செய்தோம். 14 அகலும் பால்கனிக் கைப்பிடியில் எரிந்தன. மாமியார் கோலத்தின் நடுவில் வைக்க மட்டும் எல்லாவற்றிலும் கோணலான ஒன்றைத் தாமே பொறுக்கி எடுத்தார்.

அன்று ராத்திரி பெரியம்மாவுக்கு ஃபோன் செய்து கொடுத்தேன். வெடித்துப்போன ஐந்தின் துண்டுகள் என்ன ஆயின என்று என் பெண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"இடிச்சு சலிச்சு ஒரு அடுப்புக்குப் போட்டுட்டேன் பாப்பா."

"அந்த அடுப்பு எங்கே ஆயா?"

"சந்தையில வித்துப் போச்சே. எந்த ஊருல எரியுதோ!"